மலையாளம் வரவில்லை என்றால் மறதிநோயா?

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போடிமெட்டைத் தாண்டுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் பல வருடம் வேலை பார்த்தும், பலருக்கு மலையாளம் வாய்க்கு மட்டுமே வரும். மருந்துச் சீட்டைப் படிக்க ஆள் தேட வேண்டும்.

பிழைக்கப் போன ஊரின் மொழியைக் கற்கத் திணறும் பெரியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்கலாம் என்ற யோசனை உண்டு. அமெரிக்காவில் உடல், மனக் குறைபாட்டால் ஆங்கிலம் கற்க முடியாதவர் மருத்துவரின் சான்றோடு குடியுரிமைக்கான மொழித் தேர்வில் விலக்குக் கோரலாம். யோசனை தப்பில்லை. மறதிநோயின் தொடக்கமும் மனச்சோர்வும் ‘இவருக்கு மொழி ஏறாது’ என்ற பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடும்.

ஆனால் எந்த மொழியில் சோதிப்பது?

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்களின் அறிவை நூறாண்டுக்கு முன்பே அளந்தார்கள். மொழி புரியாமல் விழித்தவர்கள்மேல் ‘மந்தபுத்தி’ முத்திரை விழுந்தது. அங்கே மருத்துவராக இருந்த ஹோவர்ட் நாக்ஸ், மரக்கட்டைகளை ஒரு வரிசையில் தட்டிக்காட்டி அதேபோலத் திருப்பித் தட்டச் சொன்னார். அதற்குப் பேச்சே அதிகம் தேவைப்படவில்லை.

உலகெங்கும் புழங்கும் 1975ஆம் ஆண்டின் எம்எம்எஸ்இ என்ற நினைவுச் சோதனையோ ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. பள்ளிக்கூடமே பார்க்காதவர் அங்கேயே மதிப்பெண்ணை இழக்கிறார். அரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக 1990களில் அதை இந்தியில் மாற்றியவர்கள் எழுத்துவேலையை நீக்கி, கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். சிட்னியில் 2004இல் வந்த ‘ரூடாஸ்’ சோதனை நினைவில் வைக்கச் சொல்வது தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. போடி மளிகைக்கடைக்கே எழுதிய பட்டியல்போல இருக்கிறது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தொகுப்பு முதலில் ஐந்து மொழிகளில் வந்தது. அவற்றில் மலையாளம் உண்டு, தமிழ் இல்லை. இடுக்கியில் சோதிப்பவருக்கு மலையாளம், சோதிக்கப்படுபவருக்குத் தமிழ் என்றால், கிடைக்கும் மதிப்பெண் எதை அளக்கிறது?

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவையும் கவனிக்க வேண்டும். ஒரே மொழி பேசியவர்களைவிட இருமொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆக, கடையில் மலையாளத்தில் பேரம் பேசும் பெண்ணைத் தேறாதவர் என்று தள்ளுவது அபத்தம்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்கும் ‘சங்ஙாதி’ திட்டத்தைக் கேரளம் 2017இல் பெரும்பாவூரில் தொடங்கியது. பாடநூலின் பெயரே இந்தியில்தான்: ‘ஹமாரி மலையாளம்’. தினமும் மலையேறி இறங்குபவர்களுக்குத் தமிழ்வழிப் பாடநூல் வேண்டும். வகுப்பும் போடியில் நடக்க வேண்டும். மாலை வகுப்பைப் பூப்பாறையில் வைத்தால் ஜீப் காத்திருக்காது.

கற்கத் திணறுபவருக்கு முதலில் பார்க்க வேண்டியது கண். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரலாம். அடுத்து தூக்கம். கூலிக்கணக்கு குழம்புகிறது, இறங்கும் இடம் மறக்கிறது என்று வீட்டார் சொன்னால் நினைவுச் சோதனை நடக்கட்டும், தமிழ் பேசுபவரின் கையால். பூப்பாறையில் மருத்துவர் எழுதும் சீட்டைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏற்கும்படி இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் பேசி முடிவு செய்யலாம். அந்தப் பெண் இரவு திரும்புவது தமிழ்நாட்டுக்குத்தானே.