நாடாவின் முன் நின்ற குரல்

வீட்டு ஒலிப்பதிவின் பிதாமகர் என அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போலை உலகம் கொண்டாடுகின்றது. கொண்டாடட்டும், தகுதியுடையவரே. ஆயினும், அவர் தம் நினைவுகளைச் சொல்லிச் சொல்லி நிலைநாட்டிய வரலாற்றிலே இன்னொருவர்க்குரிய பங்கு தேய்ந்து வருகின்றது என்பது என் துணிபு.

1940களில், ஹொலிவூட்டில் இருந்த தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலே, கடிலாக் வண்டியொன்றின் சுழற்சக்கரத்தைக் கொண்டு இசைத்தட்டு வெட்டும் பொறியொன்றை அவர் அமைத்தார். ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிற் பதிவார். 1948இல் வெளிவந்த 'லவர்' இசைத்தட்டில் எட்டுக் கிற்றார்கள் கேட்கும். எட்டும் அவர் வாசித்தவையே.

1949இல் பாடகர் பிங் குரொஸ்பி அவருக்கு அம்பெக்ஸ் நாடாப் பதிவுக் கருவியொன்றை அளித்தார். போல் அதிலே மேலும் ஒரு வாசிப்பு முனையைப் பொருத்தினார். முன்பு பதிந்த ஒலியை அம்முனை வாசித்துக் கொடுக்கும். அடுத்த கணமே அழிப்பு முனை அதனைத் துடைத்துவிடும். பழையதும் புதியதும் கலந்து அதே நாடாவிற் பதியும். மீட்டெடுக்கப் பிரதி எதுவுமில்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். ஒவ்வொரு கலப்பிலும் இரைச்சல் ஏறும். முந்திய பகுதி மங்கும். ஆதலால் முக்கியத்துவம் குறைந்த பகுதிகளை முதலிலும், முதன்மையானவற்றை இறுதியிலும் பதிவார்கள். அவ்வாறு இறுதியில் ஒலிவாங்கியின் முன் நிற்பவர் ஒருமுறை சுருதி பிசகினால், அவர் பாடிய வரி மட்டுமன்று, அதுவரை அடுக்கிய அத்தனையும் பாழ். அங்கே நின்று பாடியவர் போலின் மனைவி மேரி போர்ட். தம் குரலோடு தாமே இணைந்து, பல சுருதிகளில், அடுக்கடுக்காகப் பாடினார். 1951இல் 'ஹௌ ஹை த மூன்' அமெரிக்க விற்பனை வரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது.

பொறி செய்த வித்தை என்று இதனை ஒதுக்குவோர் உளர். பொறியா சுருதி சேர்த்தது? அது பிழையை மன்னிக்காத பொறி. இன்றைய கைத்தொலைபேசி போன்றதன்று.

மேரி போர்ட் 1977இல் மறைந்தார். லெஸ் போலோ 2009 வரை, 94 வயது வரை வாழ்ந்தார். முதுமையிலும் நியூ யோர்க்கில் வாரந்தோறும் மேடையேறினார். பேட்டிகள் பல அளித்தார். கருவிகளைப் பற்றிய கதைகள் அவர் வாயிலாகவே நமக்குக் கிடைத்தன. 1988இல் 'ரொக் அன்ட் ரோல்' புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவரும் அவர் ஒருவரே. அந்த இசைத்தட்டுகளின் முகப்பிலோ இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன.