போனைப் பறிக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், எந்த ஊரை எடுத்தாலும் இப்போது ஒரே முறைப்பாடுதான். "சேர், பொடியன் விடியவிடிய கேம். சுபஹுக்கு எழும்புறானில்ல. கொஞ்சம் சொல்லுங்க." பெற்றோர் கூட்டத்திலும் இதுதான், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலிலும் இதுதான். ஆசிரியர்களாகிய நாமும் சொல்லியிருக்கிறோம், ஏசியிருக்கிறோம். போனைப் பறித்து அலுமாரியில் பூட்டியும் வைத்திருக்கிறோம். ஆனால் அதற்குள் பிள்ளை என்ன செய்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அண்மையில் கேட்டோம். உயர்தரம் உயிரியல் பிரிவு மாணவன். பின்வரிசை, வாய் திறக்காத பிள்ளை. "குழுச் செயற்பாடுகளில் ஈடுபாடு போதாது" என்று அவனது அறிக்கையில் எழுதியதும் நாம்தான். "என்ன மனே அப்படி விளையாடுறாய்?" என்று கேட்டதும் முதலில் தயங்கினான். பிறகு அரை மணித்தியாலம் நிறுத்தாமல் பேசினான்.

கட்டாரிலிருக்கும் காக்கா அனுப்பிய லெப்டொப்பில் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட்' என்ற கேம் விளையாடுகிறான். 2004 நவம்பரில், நமது கடற்கரையைச் சுனாமி அழிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, வெளிவந்த விளையாட்டு. அதன் பழைய வடிவத்தை 2019 இல் மீண்டும் விட்டார்கள். அதில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நிலவறைக்குள் இறங்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குவார். மூவர் அடிப்பார்கள். ஒருவர் காயத்தை ஆற்றுவார். நம் பையன்தான் காயம் ஆற்றுகிறவன்.

"அடிக்கிற மூணு பேரும் அவசரப்பட்டா பூதம் அவங்கட பக்கம் திரும்பிரும் சேர். எனக்கும் சக்தி அளவோடதான். சும்மா சும்மா எல்லாரையும் ஆத்தினா முடிஞ்சிரும். யாருக்கு எப்ப தேவையெண்டு பாத்துக் கொடுக்கணும். நான் பிழை விட்டா அஞ்சு பேரும் சரி."

யாருடைய பிள்ளை இது என்று நமக்கு யோசனை வந்தது. பொறுமை, அளவறிந்து செலவழித்தல், மற்றவனைக் கவனித்தல் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டதையெல்லாம் இவன் இரவில் செய்துகொண்டிருக்கிறான்.

அவன் சொன்ன இன்னொரு விடயம். அந்த விளையாட்டின் ஆரம்ப காலத்துப் பெரிய 'ரெய்ட்'களுக்கு 40 பேர் வரை போவார்களாம். 2007 இல் 10 பேரே போதும் என்ற ரெய்ட் வந்தது. 40 பேரில் ஐந்தாறு பேர் சும்மா நின்றாலும் யாருக்கும் தெரியாது. ஐந்து பேரில் ஒருவன் சும்மா நின்றால் அந்த நிமிடமே தெரியும். இதைக் கேட்டதும் நமது வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. 40 பிள்ளைகளை அடைத்து வைத்து, பின்வரிசைப் பிள்ளை பேசுகிறானில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். அவனை நாற்பதில் ஒருவனாக மட்டுமே பார்த்தோம். ஐந்தில் ஒருவனாக ஒருநாளும் இருத்திப் பார்க்கவில்லை.

கரைவலை இழுத்த சமூகத்துக்கு இது புதிய பாடமா? கயிற்றின் இரு தலைப்பிலும் ஆட்கள் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சாய்ந்துவிடும். மீன் வந்த பிறகு பங்கில் நீதி இல்லாவிட்டால் நாளைக்கு இழுக்க ஆள் வராது. கேமிலும் கிடைத்த பொருளை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நல்ல நல்ல குழுக்கள் உடைகின்றனவாம். நமது ஊர்ச் சங்கங்களும் அப்படித்தானே.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 'பில்ட்' என்று ஒரு சொல் சொன்னான். பாத்திரத்தை எப்படிக் கட்டி எழுப்புவது என்பது. அந்தப் பழைய வடிவத்தில் 60ஆம் படிக்கு வரும்போது மொத்தம் 51 புள்ளிகள்தான் கையில் இருக்கும். மூன்று கிளைகளில் அவற்றைப் பங்கிட வேண்டும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் எதற்கும் உதவாத ஆளாகிவிடுவான். எல்லாமாகவும் இருக்க ஒருவனாலும் முடியாது. அதனால்தான் மற்ற நால்வர் தேவைப்படுகிறார்கள்.

நாம் நமது பிள்ளைகளை எந்த பில்டில் கட்டுகிறோம்? ஊர் முழுக்க ஒரே பில்ட்: டொக்டர், இல்லாவிட்டால் இன்ஜினியர். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்தால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உயிரியல் பிரிவு. முதல் தடவை சரிவராவிட்டால் இரண்டாவது தடவை, பிறகு மூன்றாவது தடவை. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. பக்கத்தில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப பீடமே இருக்கிறது. இருந்தும் அந்தப் பிரிவின் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கிற வீடுகள் எத்தனை!

அந்தப் பையன் கடைசியாகச் சொன்னது இது: "பிழையான பில்ட் போட்டா கலைச்சுப் போடலாம் சேர். தங்கம் கொஞ்சம் கொடுக்கணும். திரும்பத் திரும்பக் கலைச்சா விலை கூடும். ஆனா கலைக்கலாம்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கேமைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது நமக்கு விளங்கியது. தொழில்நுட்பம் படிக்க ஆசை. வாப்பாவிடம் சொல்லப் பயம். இந்த வருடம் மாறினால் ஒரு வருடம் போகும். மூன்று தடவை எழுதிய பிறகு மாறினால் எத்தனை வருடம் போகும்?

"சேர் கேமுக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று சிலர் சொல்லலாம். இல்லை. தொழுகையையும் தூக்கத்தையும் பரீட்சையையும் விழுங்குகிற எதற்கும் நாம் வக்காலத்து வாங்கமாட்டோம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். போனில் இலவசமாகக் கிடைக்கிற பல கேம்களில் காசு கொடுத்துச் சீட்டு இழுப்பதுபோல் பாத்திரம் எடுக்க வேண்டும். 2020 இல் வந்த 'ஜென்ஷின் இம்பெக்ட்' கேமில் உயர்தரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம். அதாவது 1000 இழுவைக்கு ஆறு. 90 இழுவைக்குள் ஒன்று நிச்சயம் என்கிறார்கள், ஆனால் அது கேட்டதாகவே இருக்கும் என்பதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கில் அந்நிறுவனம் 2 கோடி டொலர் கட்டவும், பெற்றோரின் சம்மதமின்றி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தப் பெட்டிகளை விற்காதிருக்கவும் உடன்பட்டது. சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துத் தடுக்கிறது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். காசு கொடுத்து, என்ன வருமென்று தெரியாமல் இழுக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது வாப்பா உம்மாவுக்கே தெரியும்.

ஆகவே நமது வேண்டுகோள்கள் இவைதான்:

1. பிள்ளையின் போனில் வங்கி அட்டையைப் பதிந்து வைக்காதீர்கள். ரீலோட் காசு எங்கே போகிறது என்று பாருங்கள்.

2. நிறுத்தும் நேரத்தை அல்ல, தொடங்கும் நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். ஐவர் இறங்கிய சண்டையின் நடுவே "நிப்பாட்டு" என்று கத்தினால், நீங்களா நான்கு நண்பர்களா என்று பிள்ளை தவிக்கிறான். அதானுக்கு முன்னரான அரை மணித்தியாலத்திலும், இரவு 10 மணிக்குப் பிறகும் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை என்று முதலிலேயே உடன்படிக்கை செய்யுங்கள்.

3. இரவில் போனும் லெப்டொப்பும் பெற்றோரின் அறையில் இருக்கட்டும். உங்கள் போனும் சேர்த்துத்தான்.

4. ஒருநாள் பக்கத்தில் இருந்து, "நீ இதில் யார்? என்ன வேலை செய்கிறாய்?" என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பிள்ளை யார் என்பது தெரியும்.

ஆசிரியர்களாகிய நாமும் ஒன்றைச் செய்யப்போகிறோம். அடுத்த தவணையிலிருந்து வகுப்பை ஐவர் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்துப் பார்க்கப்போகிறோம். அந்தப் பையனின் வாப்பாவைச் சந்திக்கவும் நேரம் கேட்டிருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவர் யார்? முன்னால் நின்று அடி வாங்குகிறவரா, காயம் ஆற்றுகிறவரா? இன்றிரவு கேட்டுவிட்டு நாளைக்குக் கீழே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.