தையற்காரியின் கூலி யாருடையது?

உங்கள் தெருவிலே ஜன்னலோரத்தில் தையல் மிஷின் போட்டிருக்கும் வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டு ஆண்பிள்ளையிடம் போய், "உங்கள் சம்சாரம் என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வேலைக்கெல்லாம் ஒன்றும் போகவில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். பொழுது போகவேண்டுமே என்று ஏதோ நாலு துணி தைக்கிறாள்" என்று சிறிதும் கூசாமல் பதில் சொல்லுவார். அவர் அப்படிச் சொல்லும்பொழுதே உள்ளேயிருந்து மிஷின் ஓடுகிற சத்தம் நம் காதில் விழும்.

இந்தச் "சும்மா" என்பது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் புருஷனை வேலைக்கும் அனுப்பிவிட்டு, பாத்திரம் துலக்கிய ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் முன் உட்காருகிறாள். அளவு ரவிக்கையை விரித்து, டேப்பு வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரி வைக்கிறாள். வைக்கிற கத்தரி ஒரு விரற்கடை தவறினால் பிறத்தியார் துணி பாழ். அந்த நஷ்டம் இவள் தலையில். பிறகு லைனிங் வைத்து, கை பொருத்தி, கழுத்துக்குப் பட்டி அடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொக்கி தைத்து முடிக்கையில் முதுகு இற்றுப் போகிறது. தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டாலோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கு அணைவதில்லை. இதற்குப் பெயர்தான் சும்மா இருப்பது!

இது வெளியார் துணி. வீட்டுத் துணியின் கதை வேறு. மகனுடைய கால்சட்டை கிழிந்தால் அம்மா. மகளுக்கு யூனிபாரம் இறுகினால் அம்மா. மாமியாருக்கு ரவிக்கை, நாத்தனார் மகளுக்குப் பாவாடை, மச்சினனுக்குச் சட்டையில் பட்டன், புருஷனுக்குக் கைலி மூட்டுவது எல்லாம் அவள்தான். இவற்றுக்குக் கூலி கிடையாது என்பது ஒருபுறமிருக்க, நன்றிகூடக் கிடையாது. நாள் தப்பினால், "ஊரார் துணியெல்லாம் தைக்கிறாய், வீட்டுத் துணிக்கு நேரமில்லையோ?" என்ற வசவு மாத்திரம் தவறாமல் கிடைக்கும்.

வாடிக்கைக்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? பத்து வீடு தள்ளியிருப்பவர் வருவார்: "அக்கா, இந்தச் சேலைக்கு ஓரம் மட்டும் ஒரு அடி அடிச்சுக் குடுங்க" என்பார். "ஒரு அடி" என்ற வார்த்தையிலேயே கூலி கிடையாது என்பது அடங்கியிருக்கிறது. உடம்பு பெருத்தவர், "நீங்க தப்பாத் தைச்சுட்டீங்க" என்று பிரித்துத் தைக்கக் கொடுப்பார். கூலி கேட்டால், "நம்ம வீட்டுக்குள்ளே என்ன, அடுத்த மாசம் தர்றேன்" என்பார். இதே மனிதர் கடைத்தெருவில் பலகை மாட்டியிருக்கும் ஆண் தையற்காரரிடம் போய் இப்படிப் பேசுவாரா? அங்கே சுவரில் எழுதியிருக்கும் கூலியை மறுபேச்சின்றி எடுத்து வைக்கிறார். ஊசியும் ஒன்று, நூலும் ஒன்று, மிஷினும் ஒன்று. ஆண் தைத்தால் தொழில், பெண் தைத்தால் பொழுதுபோக்கு என்றால் இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

இவ்வளவும் போதாதென்று, செவ்வாய்க்கிழமை துணி வெட்டலாகாது, கலியாணப்பெண்ணின் ரவிக்கையைக் கைம்பெண் தொடலாகாது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. துணிக்குக் கிழமை தெரியுமா? கத்தரிக்குத் தாலி தெரியுமா? பிழைக்க வேறு வழியில்லாத பெண்ணின் வாயில் மண் போடுவதற்குச் சகுனம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நிற்க, கணக்கிற்கு வருவோம். ஒரு ரவிக்கைக்குக் கூலி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல், கொக்கி, ஊசி, கரண்டு இவற்றிற்கு 20 ரூபாய் போனால் மீதி 130. வெட்டவும் தைக்கவும் கைவேலை முடிக்கவும் மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 43 ரூபாய்தான் ஆகிறது. இனி வீட்டாருக்கும் உறவினருக்கும் வருஷத்தில் 40 உருப்படி தைக்கிறாள் என்று வைத்து, அதே 150 ரூபாய் வீதம் போட்டால் 6,000 ரூபாய். கடையில் கொடுத்திருந்தால் இந்தப் பணம் புருஷன் சட்டைப்பையிலிருந்து போயிருக்கும். அவள் தைத்ததால் மிச்சமாயிற்று. மிச்சமான 6,000 ரூபாயை அவள் சம்பாத்தியம் என்று எந்த வீட்டிலாவது சொல்லுகிறார்களா?

சரி, வெளியார் கொடுக்கும் கூலியாவது அவளுடையதா? இங்குதான் விஷயமே இருக்கிறது. பெண்சாதிக்கும் மகனுக்கும் அடிமைக்கும் சொத்து கிடையாது, அவர்கள் சம்பாதிப்பது அவர்களை உடையவனுக்கே சேரும் என்பது மனுதர்மம். காத்யாயனரோ இன்னும் தெளிவாக, ஒரு ஸ்திரீ கைத்தொழிலால் சம்பாதித்தது புருஷனுடைய ஆதிக்கத்துக்கு உட்பட்டது என்றே எழுதிவைத்தார். தாய்வீட்டில் கொடுத்த நகை அவளுடையதாம். தன் கையால் உழைத்த காசு அவளுடையதல்லவாம்! அதாவது தாய்வீட்டார் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம், தானாகச் சம்பாதித்தால் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதன் தாத்பரியம். சொந்தச் சம்பாத்தியம் கையில் இருந்தால் பெண் பயப்படமாட்டாள் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளைக்கார சர்க்கார் 1874ம் வருஷத்தில், கலியாணமான ஸ்திரீயின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று ஒரு சட்டம் செய்தது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, ஜைனப் பெண்களுக்கு அது செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. பிறகு 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14வது பிரிவுதான், ஒரு ஸ்திரீ தன் சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் அடைந்த சொத்துக்கு அவளே முழுச் சொந்தக்காரி என்று தீர்த்துச் சொல்லிற்று. சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அது எத்தனை வீட்டு வாசற்படி ஏறியிருக்கிறது? தையற்கூலி அவள் கைக்கு வந்ததும் பால்காரருக்கும், மளிகைக்கும், பிள்ளையின் பீசுக்கும், சில வீடுகளில் புருஷனின் சாராயத்துக்கும் போய்விடுகிறது. மிஷின் வாங்கக் கழற்றிக் கொடுத்தது அவள் கம்மல். ஆனால் மிஷினை விற்கும்பொழுது அவளைக் கேட்பாரில்லை.

பெண்ணுக்குத் தையல் கற்றுக்கொடுக்கும் பெற்றோர் மனதையும் பாருங்கள். "நாளைக்கு ஒரு கஷ்டகாலம் வந்தால் கை கொடுக்கும்" என்கிறார்கள். கஷ்டகாலம் என்றால் என்ன? புருஷன் செத்தாலோ விட்டுவிட்டு ஓடினாலோ என்று அர்த்தம். சர்க்காரும், ஆதரவற்ற விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் முதலியோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறது. அது மிகவும் நல்ல காரியம். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் சொந்தக் காலில் நிற்பதற்கு ஒருவன் சாகவேண்டும் என்றோ ஓடவேண்டும் என்றோ நாம் ஏன் நினைக்கவேண்டும்? மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கையில், "உன் பெண்சாதி செத்தால் உதவும்" என்றா சொல்லுகிறோம்?

"குடும்பம் ஒன்றாயிருக்கும்பொழுது உன் பணம் என் பணம் என்று கணக்குப் பார்க்கலாமா? அன்பு கெட்டுவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். புருஷனுடைய சம்பளம் அவன் பேரிலுள்ள பாங்குக் கணக்கில் விழுகிறதே, அதனால் அன்பு கெட்டுப்போயிற்றா? நிலம் அவன் பேரில், வீடு அவன் பேரில், வண்டி அவன் பேரில் இருக்கையில் கெடாத அன்பு, நாலு ரவிக்கைக் கூலி அவள் பேரில் இருந்தால் மட்டும் கெட்டுவிடுமா? கணக்குப் பார்த்தால் கெட்டுப்போவது அன்பல்ல. ஓசியில் வேலை வாங்கும் சுகந்தான் கெட்டுப்போகும். அது கெடவேண்டியதுதான்.

ஆகவே தையல் தைக்கும் தாய்மாருக்கும், அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் நாம் சொல்லுவது இதுதான். முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வெளியார் துணியோடு வீட்டுத் துணியையும் தேதி போட்டுக் கூலியோடு எழுதி வாருங்கள். வாங்காத கூலியானாலும் எழுதுங்கள். வருஷ முடிவில் "சும்மா" என்ற சொல் தானே ஓடிவிடும். இரண்டாவது, கூலி விவரத்தை ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். அதில் "ஓரம் அடிக்க" என்பதற்கும் ஒரு விலை இருக்கட்டும். மூன்றாவது, வரும் கூலியில் ஒரு பங்காவது உங்கள் பேரிலேயே பாங்கில் போடுங்கள். மிஷினை உங்கள் பேரிலேயே ரசீது போட்டு வாங்குங்கள். நான்காவது, தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்றே நலவாரியம் ஒன்று இருக்கிறது. அதில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். எந்த விண்ணப்பத்திலும் "தொழில்" என்று கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதாமல் "தையல்" என்று எழுதுங்கள்.

ஆண் தோழர்கள் செய்யவேண்டியது இன்னும் சுலபம். நாளைக்கு உங்களை யாராவது, "உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால், "தையல் தொழில் செய்கிறார்கள்" என்று சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், இன்று நீங்கள் போட்டிருக்கும் சட்டைக்கு அவர்கள் கடைசியாகப் பட்டன் தைத்தது எப்பொழுது என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த பட்டனை நீங்களே தைக்கக் கற்றுக்கொண்டால், அதனால் ஆண்பிள்ளைத்தனம் ஒன்றும் அறுந்துவிழாது.