நான் திரும்பப் பெறும் ஒரு மறையுரை



திருவருகைக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் நிற்கின்றோம். ஸ்காபரோவின் தொடர்மாடிகளில் இந்நாட்களில் மின்தூக்கியின் கதவு திறந்தவுடனேயே, எந்த வீட்டில் என்ன பலகாரம் சுடுகின்றார்கள் என்பதை மூக்குச் சொல்லிவிடும். ஒரு மாடியில் முறுக்கு எண்ணெய், அடுத்ததில் பயறு வறுக்கும் மணம். இன்னொன்றில் கறுவாவும் இஞ்சியும் கராம்பும் மேப்பிள் பாகோடு சேர்ந்து போறணையில் வேகும் மணம். இந்த மூன்றாவது மணத்தைப் பற்றியே இன்று எழுதுகின்றேன். அதைப் பற்றி முன்பொருமுறை உங்கள் முன்னிலையில் பிழையாகப் பேசியவன் நான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், நத்தாருக்கு முந்திய வாரத்தில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். தாயார் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்பவர். அன்று விடுப்பெடுத்துக்கொண்டு இரு பிள்ளைகளுடனும் குசினியில் நின்றார். மேசை முழுவதும் மா. பதினொரு வயது மகளின் தலைமயிரிலும் மா. மேப்பிள் இலை வடிவான அச்சினால் மாவை வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கனடாவுக்கு வந்த முதல் மாரியில் உடன் வேலை செய்த ஒரு பெண்மணி கற்றுக்கொடுத்த பக்குவம் அது என்றும், அன்று முதல் ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை என்றும் தாயார் சொன்னார். அம்மம்மா முன்னறையில் தனியே செபமாலையோடு இருந்தார். பேத்தி ஒரு தட்டில் நான்கு குக்கிகளைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் அதனைத் தொடாமல் என்னைப் பார்த்து, "உது எங்கட பலகாரமே, சுவாமி?" என்றார்.

நான் இரண்டு தின்றேன். மிக நன்றாக இருந்தது. ஆயினும் அடுத்த ஞாயிறு மறையுரையில், பயற்றம் பணியாரத்தை மறந்துவிட்டு மேப்பிள் இலையைத் தின்னும் தலைமுறை என்று ஒரு வசனம் பேசினேன். ஆலயம் சிரித்தது. மறையுரையில் மக்கள் சிரிப்பது குருவானவர்களுக்கு எவ்வளவு தித்திப்பானது என்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

மறு ஆண்டு அதே வீட்டுக்குச் சென்றேன். குசினி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கடையில் வாங்கிய முறுக்குப் பெட்டியொன்று மேசையில் இருந்தது. இம்முறை குக்கி இல்லையா என்று அப்பிள்ளையிடம் கேட்டேன். "அது எங்கட இல்லைத்தானே, ஃபாதர். நீங்கதானே சேர்ச்சில சொன்னீங்க" என்றாள். தாயார் ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றினார். அந்த வீட்டில் அதற்குப் பின்னர் எவரும் எதையும் சுடவில்லை. பணியாரமும் சுடவில்லை, குக்கியும் சுடவில்லை.

அன்று நான் சொன்னது அறிவு நிலையிலும் தவறு. எது நம்முடையது? நாம் காலையில் தின்னும் பாணும், அதனை வேகவைக்கும் போறணையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். நத்தாருக்கு நம் அன்னையர் அச்சைத் தோய்த்துப் பொரித்த கொக்கிஸ் என்ற பெயர் ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் "குக்கி" பிறந்ததும் அதே சொல்லிலிருந்தே. ஆகவே அம்மம்மா ஊரில் பொரித்ததும் பேத்தி இங்கே வேகவைத்ததும் ஒரே பெயரைத்தான் சுமக்கின்றன. அந்த ஒல்லாந்தர் நம் தீவின் தென்கரையை விடாது பிடித்திருந்ததற்கு முதற்காரணம் கறுவா. இங்கே கறுவா என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி வேறொரு மரத்தின் தடித்த பட்டை. தமிழ்க் கடைகளில் தேடினால் நம் தீவின் மெல்லிய பட்டை கிடைக்கும். அதை இடித்துப் போட்டுப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

மேப்பிள் பாகு எப்படி வருகின்றது என்பதை முதன்முறை நேரில் கண்டபோது எனக்கு ஊர் நினைவே வந்தது. மாரி முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில்தான் சர்க்கரை மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் சிறு துளையிட்டு அதனை எடுக்கின்றார்கள். பார்வைக்கு வெறும் தண்ணீர், இனிப்பும் பெயருக்குத்தான். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றை வற்றக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு. ஐரோப்பியர் வரும் முன்னரே இந்நாட்டின் முதற்குடி மக்கள் இதனைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கினார்கள். நம்மூரில் சீவல் தொழிலாளி சுண்ணாம்பு பூசிய முட்டியோடு பனையில் ஏறி இறக்கிய பதநீரைப் பெண்கள் பெரிய தாச்சியில் காய்ச்சிக் குட்டானில் ஊற்றியதும் இதே வேலைதான். மரம் வேறு, குளிர் வேறு. அடுப்படியில் நின்று கிண்டுகின்றவரின் கைவலி ஒன்றே. அம்மம்மாவுக்கு அன்று இதனை நான் சொல்லியிருக்கலாம். பனங்கட்டியின் பிள்ளையார் அவர், உடனே விளங்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்று. மேப்பிள் படத்தை ஒட்டிச் சோளப் பாகை விற்கும் போத்தல்களும் உண்டு. விலை குறைவென்று அவற்றை வாங்கினால் இனிப்பு மட்டுமே மிஞ்சும். கருமையான தரத்துப் பாகையே வாங்குங்கள். சரக்குகளின் காரத்தின் நடுவிலும் அதன் சுவை அமுங்காது. அத்தாயார் அன்று எனக்குச் சொன்ன அளவு இது: மா இரண்டரைக் கோப்பை, பட்டர் ஒரு கோப்பை, மண்ணிறச் சீனி அரைக் கோப்பை, மேப்பிள் பாகு அரைக் கோப்பை, ஒரு முட்டையின் மஞ்சட்கரு. கறுவாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சித்தூள் ஒன்று, கராம்பு கால். உப்பு ஒரு சிட்டிகை. பாகு சேர்வதால் மா இளகி ஒட்டும். அதற்காக மேலும் மாவைக் கொட்டாமல் இரண்டு மணி நேரம் குளிரூட்டியில் வையுங்கள். பின்னர் உருட்டி வெட்டி, 350 பாகையில் பத்து நிமிடம். ஓரம் விரைவில் கருகும். போறணையை விட்டு அகலாதீர்கள்.

பெரியவர்களே, உங்கள் அச்சம் எனக்குப் புரிகின்றது. பலகாரத்தோடு மொழியும் போய்விடும் என்று அஞ்சுகின்றீர்கள். வீண் அச்சம் என்று சொல்லமாட்டேன். மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் அதைக் கண்ணால் காண்கின்றேன். ஆனால் அரி, குழை, உருட்டு, இடி, கிண்டு என்ற சொற்களை ஒரு பிள்ளை எங்கே கேட்கும்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் அவை ஒரு பக்கத்தில் வந்து போகும். குசினியில் அம்மம்மா பக்கத்தில் நின்றால் ஒரு மாலைக்குள் நூறுமுறை வரும். முன்னறையில் இருந்து முகம் சுளிப்பதைவிட எழுந்து போய் ஏலக்காய் உரியுங்கள். வேண்டுமானால் பணியாரத்தையும் அதே நாளில் சுடுங்கள், யார் தடுத்தார்? இரு வேலை செய்து களைத்து, கடையில் பெட்டி வாங்குகின்ற பெற்றோரையும் நான் பழிக்கப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு வீட்டில் அந்தப் பாவத்தைச் செய்திருக்கின்றேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்தொன்பது வயது. வேறு நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கின்றாள். இரு வாரங்களுக்கு முன்னர் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "அவ இருபத்தோராம் திகதி வாறா, சுவாமி. நீங்களே வந்து அவவிட்டச் சொல்லுங்கோ" என்றார். அம்மம்மா இருக்கின்றார், கை நடுங்குகின்றதாம், ஏலக்காய் உரிப்பதற்கு ஆயத்தம் என்கின்றாராம்.

ஒரு லீற்றர் பாகு வாங்கி வைத்திருக்கின்றேன், கருமையான தரம். இருபத்தோராம் திகதி மாலை பங்குமனைத் தொலைபேசியை எவரும் எடுக்காவிட்டால், அவசர நோயாளர் பூசுதலுக்கு என் கைத்தொலைபேசிக்கு அழையுங்கள். மற்றவை மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பிறகு.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை