சிலம்பு உடைந்த பின்னர்

பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த காட்சியை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்துகிறோம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றமையால் கோவலன் கொலையுண்டான் என்பதை மாணவர் தவறாது எழுதிவிடுகின்றனர். பிழை வெளிப்பட்டபின் அரசன் என்ன செய்தான் என்பதே அக்காதையின் உயிர்நிலை. அவ்விடத்தை நாம் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம்.

2002 செப்டம்பர் 24 அன்று குஜராத்தின் காந்திநகர் அட்சர்தாம் கோயிலில் ஆயுதம் தாங்கிய இருவர் புகுந்து, வழிபட வந்தோர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். பொறுக்கவொண்ணாத கொடுமை அது. ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கைதுகள் தொடங்கின. அறுவர் பொடா சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டனர். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாகக் கொள்ள இடம் தந்த சட்டம் அது. அடித்துத் துன்புறுத்திப் பெற்ற வாக்குமூலங்கள் அவை என்று குற்றம் சாட்டப்பட்டோர் முறையிட்டனர். 2006இல் மூவருக்குத் தூக்குத் தண்டனை, ஏனையோருக்குச் சிறை. 2010இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அறுவரையும் விடுதலை செய்தது. குண்டுகள் துளைத்த உடல்களின் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ கிடைத்தனவாகக் காட்டப்பட்ட உருதுக் கடிதங்களில் குருதிக்கறையே இல்லை! வழக்குத் தொடர உள்துறை அளித்த ஒப்புதலும் ஆராயாது தரப்பட்டதெனத் தீர்ப்புக் கூறிற்று. பொற்கொல்லன் சொல் நினைவுக்கு வருகிறதன்றோ?

விடுதலையானோர் இழப்பீடு கோரினர். 2016இல் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. தூக்குக் கயிற்றின் நிழலில் கழிந்த ஆண்டுகளுக்கு ஒரு வருத்தச் சொல்லும் கிட்டவில்லை.

இழப்பீடு கொடுக்கத் தொடங்கினால் காவல்துறையின் ஊக்கம் குன்றும் என்பர் சிலர். பொய்ச் சான்று புனையும் ஊக்கம் குன்றுவதால் யாருக்கு என்ன இழப்பு? கோயிலில் உறவினரை இழந்த குடும்பங்களுக்கும் அன்றோ இவ்வழக்கு ஏமாற்றமாய் முடிந்தது!

மஹர் அரார் என்னும் கனடியப் பொறியாளரை 2002இல் அமெரிக்கா நியூயார்க்கில் பிடித்து, அவர் பிறந்த சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே புதைகுழி போன்ற சிற்றறையில் வதைபட்டார். கனடா ஆணையம் அமைத்து ஆராய்ந்தது. அவர்மீது குற்றமில்லையெனக் கண்டது. 2007இல் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். ஒரு கோடியே ஐந்து இலட்சம் கனடிய டாலர் வழங்கப்பட்டது. அமெரிக்க அரசு இழப்பீடும் தரவில்லை, அந்நாட்டு நீதிமன்றங்கள் வழக்கையும் ஏற்கவில்லை. ஆக, வல்லரசாயிருப்பதற்கும் செங்கோன்மைக்கும் தொடர்பில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. ஏற்புறுதி இன்னும் செய்யவில்லை. தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கச் சட்ட ஏற்பாடும் தனி நீதிமன்றங்களும் வேண்டுமெனச் சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் பயிலச் செல்லும் நம் மாணவர் சிலரேனும் அவ்வறிக்கையைப் படித்து, ஊர்ப் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்பாராயின் நன்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய வினா அதில் ஆயத்தமாகவே உள்ளது.