அட்டையில் இடம்பெறாத தமிழ்ப்பெயர்

காலைப்பொழுதில் தாம்பரம் நிலையத்தில் மின்தொடர்வண்டி வந்து நின்றதும் இறங்குகின்ற மாணவர் கூட்டத்தின் கழுத்திலெல்லாம் வண்ண நாடாக்கள் தொங்குகின்றன. நாடாவின் முனையில் ஓர் அட்டை; அட்டையில் ஓர் ஒளிப்படம்; அதன்கீழ் ஒரு பெயர். அப்பெயரோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் மட்டுமே உள்ளது. தமிழ் மண்ணில் பிறந்து தமிழ்ப்பெயர் தாங்கிய மாணவன், தான் இன்னான் என்று வாயிற்காவலர்க்குக் காட்டுதற்கும் அயல்மொழியின் துணை வேண்டியிருக்கின்றது. காட்டுபவரும் தமிழர், பார்ப்பவரும் தமிழர், இடையில் நிற்கும் அட்டை மட்டும் தமிழறியாதது!

முன்னாளில் இவ்வட்டை கெட்டித்தாளால் ஆனது. ஒளிப்படத்தைப் பசையிட்டு ஒட்டி, பாதி படத்தின்மீதும் பாதி தாளின்மீதும் படியுமாறு முத்திரை குத்தி, முதல்வர் கையொப்பமிடுவார். பெயரை எழுத்தர் தம் கையால் எழுதுவார். இன்று சேர்க்கைப் பிரிவின் பெயர்ப்பட்டியலும் ஒளிப்படமும் கணிப்பொறியில் ஒன்றிணைக்கப்பெற்று, 85.6 மில்லிமீட்டர் நீளமும் 54 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நெகிழி அட்டையில் அச்சாகின்றன. துறை, பதிவெண், குருதிவகை, நூலகத்திற்கான பட்டைக்கோடு எல்லாம் அச்சிறு பரப்பில் அடங்கிவிடுகின்றன. தமிழ்ப்பெயர்க்கு மட்டும் இடமில்லையாம்.

எந்திரத்தின்மேல் பழிபோடுவது பொருந்தாது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. குடும்ப அட்டையில் பெயர் தமிழில் உள்ளது. வாக்காளர் அட்டையிலும் உள்ளது. நடுவணரசின் ஆதார் அட்டையிலும் உள்ளது. கழனியில் நாற்று நடும் தாயின் பெயர் அவள் அட்டையில் தமிழில் இருக்க, படிக்கப்போன மகளின் பெயர் அவள் அட்டையில் தமிழில் இல்லை. படிப்பின் பயன் இதுதானோ?

ஆங்கில எழுத்தில் பெயர் படும் பாடு தனிக்கதை. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தால் எழுத, மற்றொருவர் ஈரெழுத்தால் எழுதுகின்றார். பள்ளிச் சான்றிதழில் ஒருவகையாகவும் கல்லூரி அட்டையில் வேறுவகையாகவும் அமைந்துவிட்டால், இரண்டும் ஒருவர் பெயரே என்று மெய்ப்பிக்க மாணவன் அலுவலகந்தோறும் அலைகின்றான். தமிழில் எழுதியிருப்பின் எழில் என்றும் எழிலே.

இன்னொரு கேடும் உண்டு. பெயர்க்கு ஒரு கட்டமும் குடிப்பெயர்க்கு ஒரு கட்டமும் வைத்து மேலைநாட்டார் அமைத்த படிவத்தை அப்படியே எடுத்தாளுகின்றனர். தாம்பரத்திற்குத் தெற்கே அதே இருப்புப்பாதையில் உள்ள செங்கற்பட்டில், 1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப்பட்டம் ஒட்டுவதை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதன்பின் தமிழர்க்கு எஞ்சியது தந்தை பெயரின் முன்னெழுத்தே. அதனைக் குடிப்பெயர்க் கட்டத்தில் விரித்தெழுத, மகளை அழைக்க வேண்டிய ஆசிரியர் தந்தை பெயரைச் சொல்லி அழைக்கும் நகையாட்டு நிகழ்கின்றது.

இவையெல்லாம் எந்தப் பாதையோரத்தில் நிகழ்கின்றன? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராய் இருந்து, தமிழ் கட்டாயப் பாடமாக இராதென்ற நிலை வந்தபோது 1911இல் பணியைத் துறந்து மறைமலையடிகள் குடியேறிய ஊர் பல்லாவரம். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கியவர் அவர். அந்தக் கல்லூரியும் 1937இல் தாம்பரத்திற்கே வந்து சேர்ந்தது. பெயரைத் தமிழாக்கியவர் வாழ்ந்த ஊரைக் கடந்து, அவர் பெயரால் அமைந்த மறைமலைநகர் வரையிலும், பெயரைத் தமிழில் எழுதாத அட்டைகள் நாள்தோறும் செல்கின்றன.

தமிழில் பெயரெழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டுமென்றும், பள்ளி முதல் கல்லூரி வரை இதனை நடைமுறைப்படுத்த வேண்டுமென்றும் தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில் ஆணையிட்டது. ஆணை ஏட்டில் உள்ளது. அட்டைக்கு இறங்கிவர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவோ புதுக்கருவியோ வேண்டா. சேர்க்கைப் படிவத்தில் தமிழ்ப்பெயர்க்கென ஒரு வரி, அச்சுப்படியில் அதற்கு ஒரு வரி, இவ்வளவே. வரும் கல்வியாண்டில் புது அட்டைக்கு ஒளிப்படம் எடுக்கும் நாளில், மாணவர்கள் தம் பெயரை முன்னெழுத்தோடு தமிழில் எழுதிக் கொடுத்து, அதனையும் அச்சிடுமாறு முதல்வரிடம் எழுத்தால் வேண்டுக. அட்டைகள் அச்சேறிய பின்னர்க் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பர்.