போயிட்டு வாரேன்



பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் குலை வெட்டுகிறார். இவர் உதிரிப் பழம் பொறுக்குகிறார். ஒரே மகன் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவில் படிக்கிறான். "இந்தக் கோடை லீவுக்கு வீட்டுக்கு வரலையாம். தனியா ஒரு காடி எடுத்துக்கிட்டு, பாலைவனத்துல இருக்கிற பள்ளத்தாக்கெல்லாம் நடந்து பார்க்கப் போறானாம். பாலைவனத்துல பார்க்க என்னங்க இருக்கு? விடலாமா, கூடாதா? நீங்கதான் ஊர் ஊரா சுத்துறவர், சொல்லுங்க" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் மகன் ஆசைப்படும் அதே சீமையில் 2018 ஜூலையில் நானும் தனியாகக் காடி ஓட்டிப் போனேன். அப்போது எனக்கு 58 வயது. பார்க்க என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். விடலாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லாஸ் வேகாஸ் நகரில் வாடகைக் காடி எடுத்தேன். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். முதல் நாள் மூன்று தடவை தவறான கதவைத் திறந்து, கையில் சாவியோடு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் வெட்டவெளி. நமக்குக் கித்தா மரமும் செம்பனையும் இல்லாத நிலத்தைப் பார்த்துப் பழக்கமில்லை. அங்கே மரமே இல்லை. சிவந்த மண், சிவந்த பாறை, அதற்கு மேலே வானம். பெட்ரோல் கடையை விட்டால் அடுத்தது எத்தனை மைலில் வருமென்று பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கைத்தொலைபேசிக்குப் பல இடங்களில் அலையே கிடையாது.

சுமார் 160 மைல் ஓடியதும் யூட்டா மாநிலத்தில் ஸயன் என்ற தேசியப் பூங்கா. வர்ஜின் ஆறு என்ற சின்ன ஆறு, பாறை மலையை வாள்போல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஓர் இடத்தில் பாதையே இல்லை. ஆற்றுக்குள்தான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆயிரம் அடி உயரச் சுவர். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு வேட்டிக் கரை அளவுக்குத் தெரியும்.

அடுத்தது பிரைஸ். அங்கே செந்நிறக் கல்தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. விடியற்காலையில் பார்த்தபோது, தலைத்துணி கட்டிக்கொண்டு பெரட்டுக்கு நிற்கும் சனங்களைப் போலவே இருந்தது. இதைச் செய்த சிற்பி வெறும் தண்ணீர்தான். பகலில் பாறை வெடிப்புக்குள் இறங்கும் நீர் இரவில் பனிக்கட்டியாகி விரிகிறது, பாறை பிளக்கிறது. ஆண்டில் 150 இரவுகளுக்கும் மேல் இந்த வேலை நடக்கிறது.

பிறகு அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற ஊர். அதன் அருகே நவஹோ மக்களின் நிலத்தில் ஆண்டிலோப் என்ற மலையிடுக்கு. இரண்டு கையையும் விரித்தால் இருபுறமும் சுவர் தட்டும் அளவுக்குக் குறுகலான இடங்கள் அதில் உண்டு. மேலேயிருந்து வெயில் சாய்ந்து விழும்போது பாறை நெருப்பாக மின்னுகிறது. இந்த அழகான இடத்தில் 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். மழை பெய்தது மைல் கணக்கில் தள்ளி வேறோர் இடத்தில். அங்கே மண் நீரைக் குடிக்காது. கொட்டிய மழையெல்லாம் பாறைமேல் ஓடி இடுக்குக்குள் பாய்ந்துவிடும். நம் ஊர் அருவிகளில் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று எச்சரிப்பார்களே, அதே சங்கதிதான். இன்று நவஹோ வழிகாட்டி இல்லாமல் அந்த இடுக்குக்குள் யாரும் போக முடியாது.

கடைசியாகக் கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகளாக அறுத்த பள்ளத்தாக்கு இது. நீளம் 277 மைல். கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டார் வரைக்கும் ஒரே பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் ஒரு மைல். நம் இரட்டைக் கோபுரத்தை மூன்றரை தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் விளிம்பை எட்டும். அடியில் கிடக்கும் பாறைக்கு வயது 180 கோடி ஆண்டுக்குக் கிட்ட. விளிம்பில் நின்றவன் எதுவும் பேசத் தோன்றாமல் அரை மணி நேரம் நின்றேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது.

காலை ஏழு மணி. விளிம்பு 6,800 அடி உயரத்தில் இருப்பதால் ஸ்வெட்டர் போடும் குளிர். கையில் இரண்டு புட்டித் தண்ணீர், பையில் இனிப்பு ரொட்டி. பிரைட் ஏஞ்சல் என்ற பாதையில் இறங்கத் தொடங்கினேன். கேமரன் மலையில் முதலில் ஏற்றம், களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம், கால் தானாகப் போகிறது. களைக்கும்போதுதான் ஏற்றம் ஆரம்பமாகிறது. இறங்க இறங்க வெயிலும் ஏறுகிறது. கோடையில் அடிவாரத்தில் நிழலிலேயே 40 பாகை செல்சியசைத் தாண்டிவிடும்.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. நம் ஊரில் வேர்த்தால் சட்டை நனையும். உடம்பு நீர் போவது தெரியும். பாலைவனக் காற்று வேர்வையை உடனே குடித்துவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். 'நமக்கு ஒன்றும் வேர்க்கவில்லையே' என்று நினைத்துக்கொண்டே நடப்போம்.

மூன்று மைல் இறங்கியதும் ஒரு தங்கல் மண்டபம், கோடையில் தண்ணீர்க் குழாயும் உண்டு. அங்கிருந்து ஒன்றரை மைல் கீழே ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. பலகையில் 'இந்தியன் கார்டன்' என்று பெயர். பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம்மவர் தோட்டம் இங்கேயுமா! விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது ஹவசுபாய் என்ற செவ்விந்திய மக்கள் பயிர் செய்து வாழ்ந்த இடம். பூங்கா வந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள். கடைசி ஆள் 1928-இல் துரத்தப்பட்டார். 2022-இல்தான் அந்த இடத்துக்கு 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைக் கண்ட தோட்டத்துச் சனங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பச்சையைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்று எழுந்தேன். மண்டபத்தில் இருந்த பூங்காக் காவலர், ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, என்னைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டார்.

"எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்?"

காட்டினேன்.

"உப்புள்ள தின்பண்டம் என்ன இருக்கிறது?"

இனிப்பு ரொட்டியைக் காட்டினேன். தலையை ஆட்டினார். உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரும் என்றார்.

"நீங்கள் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. என் மனைவிக்கு நான் அமெரிக்காவில் இருப்பது தெரியும். மகள் நான் இன்னும் லாஸ் வேகாஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் நான் விழுந்து கிடந்தால், என்னைத் தேட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

"பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை இந்தப் பாதையில் நடப்பது உயிரோடு விளையாடுவது. நிழலில் உட்காருங்கள். சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். உப்பு பிஸ்கட் ஒரு பொட்டலம் தந்தார். இந்தப் பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்படுவதாகப் பூங்காவின் அறிவிப்பு சொல்கிறது. வயதானவர்கள்தான் என்று நினைக்காதீர்கள். 2004 ஏப்ரலில் போஸ்டன் மராத்தான் ஓட்டத்தை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி முடித்த 24 வயது மருத்துவ மாணவி ஒருத்தி, அதே ஆண்டு ஜூலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு இங்கே இறங்கினாள். வழியில் கூட வந்த நண்பரைப் பிரிந்தாள். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று அவர் எண்ணிக்கொண்டார். தேடத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

மாலை நான்கு வரை அந்த நிழலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. 1969-இல், எனக்கு ஒன்பது வயது. ஒரு நாள் நிரையில் கான் ஓரம் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. பால் ஸ்டோரில் எல்லாரும் காண்டா வாளியை இறக்கி நிறுத்துவிட்டார்கள். ஓர் ஆள் குறைந்தது. கங்காணிதான் கவனித்தார். "ஆறுமணிக்குப் பெரட்டுல நின்ன ஆளு எங்கடா?" என்று இரண்டு பேரை நிரைக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் அப்பாவைத் தூக்கி வந்துவிட்டார்கள். அந்தக் கங்காணியை அப்பா திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

தனியாகப் போகிறவனுக்குப் பெரட்டு கிடையாது. ஆள் குறைகிறதே என்று கணக்குப் பார்க்கக் கங்காணியும் கிடையாது. அதை அவனே ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும்.

ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 27 வயது, இஞ்சினியர் படிப்பு, மலையேற்றத்தில் கைதேர்ந்தவர். 2003 ஏப்ரல் 26 அன்று யூட்டாவில் புளூஜான் என்ற மலையிடுக்கில் தனியாக இறங்கும்போது பெரிய பாறை ஒன்று நழுவி அவருடைய வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் அவர் சொல்லிவிட்டு வரவில்லை. ஐந்து நாளுக்கு மேல் அப்படியே நின்றார். தண்ணீர் தீர்ந்தது. கடைசியில் மழுங்கிய சிறு கத்தியால் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியே வந்து உயிர் பிழைத்தார். '127 அவர்ஸ்' என்று 2010-இல் படமாக வந்தது. அதற்கு இசை நம் ஏ. ஆர். ரகுமான். படம் பார்ப்பவர்கள் அவருடைய துணிச்சலை மெச்சுகிறார்கள். மெச்சட்டும். ஆனால் புறப்படுமுன் ஒரு நண்பரிடம் இடத்தைச் சொல்லியிருந்தால், தேட வருகிறவர்களுக்கு எங்கே தேடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

சகோதரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனை விடுங்கள். உங்கள் கணவரும் நீங்களும் வெயிலில் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளை, உலகத்தில் இப்படியும் இடம் உண்டு என்று கண்ணால் பார்க்கட்டும். தனியாகப் போவதும் தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் தப்பு. ஆகவே அவனிடம் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பூங்கா, எந்தப் பாதை, காடியை எங்கே நிறுத்துவான், எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்று ஒவ்வொரு நாளும் அவன் எழுதி அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் எந்தப் பூங்கா அலுவலக எண்ணைக் கூப்பிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். அங்கேயே கூடப் படிக்கும் ஒரு நண்பனிடமும் அதே தாளைக் கொடுக்கட்டும். நடக்கும் நாளில் நான்கு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். காடியில் அதற்கு மேலும். ஒரு மணி நேரம் இறங்கினால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைக்கட்டும். குறுகலான இடுக்கில் இறங்குமுன் வெள்ள அறிவிப்பு உண்டா என்று பூங்காக் காவலரிடம் கேட்கட்டும். தலைக்குமேல் வானம் நீலமாக இருப்பதை நம்பக் கூடாது. நீங்கள் உங்கள் பங்குக்கு முறுக்கு சுட்டு அனுப்புங்கள். ஆசைக்கு மட்டும் சொல்லவில்லை, அந்த உப்பு அங்கே மருந்து.

அன்று மாலை நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினேன். கெண்டைக்காலில் பிடிப்பு. பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். இரண்டு மணி நேரத்தில் இறங்கிய வழியை ஏற மூன்றரை மணி நேரம் ஆயிற்று. மேலே வந்தபோது பொழுது சாயும் நேரம். பள்ளத்தாக்கு முழுதும் குங்குமம் கொட்டியதுபோல் இருந்தது. அறைக்குப் போய் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். நம் ஊரில் மறுநாள் மத்தியானம். அம்மாதான் எடுத்தார்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு, "எங்கடா இருக்கே?" என்றார்.

சின்ன வயதில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாசலிலிருந்து திரும்பக் கூப்பிடுவார். 'போயிட்டு வாரேன்' என்று சொன்ன பிறகுதான் விடுவார். அது ஏதோ சகுனத்துக்குச் சொல்வது என்றே ஐம்பது ஆண்டு நினைத்திருந்தேன். அன்றைக்கு இருக்கும் இடத்தையும், நாளை போகும் இடத்தையும், திரும்பும் நேரத்தையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் மகள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த இதழில் சந்திப்போம். போயிட்டு வாரேன்.